விஸ்கான்சின் பல்கலைக்கழக வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குத் தலைநகர் மேடிசன். அங்கிருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம் நூறு வருடங்களுக்கும் மேலாக வானொலி நடத்திவருகிறது. நிலையத்தின் பெயர் டபிள்யூஎச்ஏ. கல்வி வானொலி பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பெயர் அடிபடாமல் இருக்காது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது? கல்வி ஒலிபரப்புக்கு என்றே தொடங்கினார்களா?

இல்லை. கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சிக்குத்தான் தொடங்கினார்கள். மின்பொறியியல் பேராசிரியர் எட்வர்ட் பென்னட் வாங்கிவைத்திருந்த உரிமம் 1915-ல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வந்தது. அழைப்புக்குறி 9எக்ஸ்எம். ஒன்பது என்பது அந்த வானொலி மண்டலத்தின் எண். எக்ஸ் என்றால் சோதனை நிலையம். பிறகு இயற்பியல் துறைப் பேராசிரியர் ஏர்ல் டெர்ரி பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதன்பிறகுதான் நிலையத்துக்கு உயிர் வந்தது.

1916 டிசம்பரில் டெர்ரியும் மாணவர்களும் தினமும் வானிலை முன்னறிவிப்பை மோர்ஸ் குறியீட்டில் அனுப்ப ஆரம்பித்தார்கள். மோர்ஸ் தெரிந்த பொழுதுபோக்கு வானொலிக்காரர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். அவர் கேட்டு எழுதி நாலு பேருக்குச் சொல்வார். ஆய்வகச் சோதனை என்ற பெயரில் நடந்தாலும் அது அப்போதே பொதுச்சேவைதான்.

வால்வுகளைக் கையாலேயே செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. குரலையும் இசையையும் அனுப்ப மோர்ஸ் கருவி உதவாது, வெற்றிடக் குழல் வேண்டும். நம் ஊரில் பழைய ரேடியோக்காரர்கள் வால்வு என்று சொல்வார்களே, அதேதான். ஒலிபரப்புக்கு ஏற்ற பெரிய வால்வுகள் அன்று கடையில் கிடைக்கவில்லை. அதனால் டெர்ரியின் ஆய்வகத்திலேயே கண்ணாடியை ஊதி, உள்ளே உலோகத் தகடுகளைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்தார்கள். நாள் கணக்கில் பாடுபட்டுச் செய்த வால்வு, மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே எரிந்துபோவதும் உண்டு. அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த வேலையில் டெர்ரிக்கு வலதுகையாக இருந்த மாணவர் மால்கம் ஹான்சன். பிற்பாடு 1928-ல் கிளம்பிய, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பர்டின் அண்டார்டிகா பயணக்குழுவில் தலைமை வானொலிப் பொறியாளராகப் போனவர் இவர்தான். காசில்லாத ஆய்வகத்தில் எல்லாவற்றையும் தானே செய்து பழகியவருக்குப் பனிக்கண்டத்தில் ரேடியோவைப் பழுதுபார்ப்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முதல் உலகப் போரின்போது எல்லா வானொலிகளையும் மூடினார்களே, இது மட்டும் எப்படித் தப்பித்தது?

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் தனியார் நிலையங்களையெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். 9எக்ஸ்எம் மட்டும் கடற்படைக்காகச் சோதனை நடத்த அனுமதி பெற்றது. சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்துக்கும் மேடிசனுக்கும் இடையே போர்க்காலம் முழுக்கக் குரல் சோதனைகள் நடந்தன. மற்றவர்கள் கருவிகளை மூட்டைகட்டி வைத்திருந்த காலத்தில் இவர்கள் கற்றுக்கொண்டே இருந்தார்கள். போர் முடிந்தபோது இவர்கள் கை நன்றாகத் தேறியிருந்ததற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் அமெரிக்காவின் முதல் வானொலி நிலையம் இதுதானா?

மேடிசன் வளாகத்தில் உள்ள நினைவுப் பலகை "நாட்டின் மிகப் பழைய நிலையம்" என்கிறது. பிட்ஸ்பர்க்காரர்களிடம் கேட்டால், 1920 நவம்பர் 2-ம் தேதி ஜனாதிபதி தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிய தங்கள் கேடிகேஏ நிலையத்தைக் காட்டுவார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இன்னொரு உரிமைக்குரல் உண்டு. முதல் என்பதற்கு எதை அளவுகோலாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும்: முதல் குரலா, முதல் அட்டவணையா, முதல் உரிமமா? வானொலி வரலாற்றில் மிகச் சலிப்பூட்டும் சண்டை இது. விஸ்கான்சினுக்கு உறுதியாகக் கொடுக்கக்கூடிய பெருமை ஒன்று இருக்கிறது. 1921 ஜனவரி 3 முதல், நாள் தவறாமல் வானிலை அறிக்கையைக் குரலில் வாசித்தார்கள். மோர்ஸ் தெரியாதவரும் கேட்கலாம் என்ற நிலைமை வந்தது. 1922 ஜனவரியில் 9எக்ஸ்எம் என்ற பெயர் போய் டபிள்யூஎச்ஏ ஆனது.

பல்கலைக்கழகத்துக்கும் வானிலை, சந்தை விலைக்கும் என்ன சம்பந்தம்? விரிவுரை அல்லவா ஒலிபரப்ப வேண்டும்?

நல்ல கேள்வி. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்ல்ஸ் வான் ஹைஸ், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு கொள்கையை வகுத்தார். பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச்சேரும் வரை தனக்குத் திருப்தி இல்லை என்றார் அவர். இதை அங்கே விஸ்கான்சின் கருத்து என்பார்கள். விஸ்கான்சின் பால்மாட்டு மாநிலம். விவசாயியின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் விவசாயிக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறது என்று சட்டமன்றத்தில் கேட்பார்கள். வானொலி அதற்குக் கையில் கிடைத்த பதில்.

பன்றி, வெண்ணெய், உருளைக்கிழங்கு இவற்றின் அன்றைய சந்தை விலை தெரியாவிட்டால், வாங்க வந்த வியாபாரி சொன்னதுதான் விலை. செய்தித்தாள் கிராமத்துக்கு வந்துசேரும்போது விலை மாறியிருக்கும். வானொலியில் மத்தியானமே விலை தெரிந்துவிட்டால் பேரம் பேசலாம். மாநில வேளாண்மை, சந்தைத் துறையும் மாநிலத்தின் நடுப்பகுதியில் டபிள்யூஎல்பிஎல் என்று தனியே ஒரு நிலையம் நடத்தியது. பிற்பாடு இரண்டும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சிகளை ஒலிபரப்பின.

என்னைக் கேட்டால், இந்த வானொலி பிழைத்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் வகுப்பில் பேசுவதை அப்படியே ஒலிவாங்கியில் பேசவைத்த நிலையங்களுக்காகக் குரல்கொடுக்க ஆளில்லை. பால்காரரும் பள்ளி ஆசிரியையும் அன்றாடம் திருப்பிவைத்த நிலையத்தை மூடுவது எந்த அரசுக்கும் சுலபமாக இருந்திருக்காது.

மற்ற பல்கலைக்கழகங்களும் வானொலி தொடங்கினவே, அவை என்ன ஆயின?

பெரும்பாலானவை செத்துவிட்டன. 1921 முதல் 1936 வரை கல்வி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்ட உரிமங்கள் 202. கடைசியில் மிஞ்சியவை 38.

ஏன் இப்படி? 1927-ல் கூட்டரசு வானொலி ஆணையம் வந்தது. 1928-ல் அது அலைவரிசைகளை மொத்தமாகக் கலைத்துப் போட்டு மறுபங்கீடு செய்தது. நல்ல அலைவரிசைகள், அதிக சக்தி, இரவு நேரம் எல்லாம் விளம்பர வருமானம் உள்ள வணிக நிலையங்களுக்குப் போயின. கல்லூரிகளுக்குக் கிடைத்தது பகல் மட்டும், அல்லது வணிக நிலையத்தோடு நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அந்தப் பங்கையும் குறைக்கச் சொல்லி வணிக நிலையம் மனுப் போடும். எதிர்த்து வாதாட வாஷிங்டனுக்கு வக்கீல் அனுப்ப வேண்டும். பொருளாதார மந்தம் வந்து பட்ஜெட் சுருங்கியதும் பல கல்லூரிகள் உரிமத்தை விற்றன. சில பேசாமல் காலாவதியாக விட்டன. வானொலி நேரத்தில் கால் பங்கை லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1934-ல் செனட்டர்கள் வாக்னரும் ஹாட்ஃபீல்டும் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது.

அதே மந்தத்தில் விஸ்கான்சினும் தடுமாறியது. டெர்ரி 1929-ல் இறந்துவிட்டார். பொறுப்புக்கு வந்தவர் ஹெரால்ட் மெக்கார்ட்டி என்ற இளைஞர். பொறியியல் ஆள் அல்ல. பேச்சும் நாடகமும் அவர் துறை. அடுத்த முப்பது வருடத்துக்கும் மேலாக நிலையத்தின் குணத்தைத் தீர்மானித்தது அவர்தான்.

வான்வழிப் பள்ளி என்கிறார்களே, அது என்ன?

1931 அக்டோபரில் தொடங்கிய பள்ளி ஒலிபரப்பு. ஓஹியோவில் இதற்கு முன்பே இப்படி ஒன்று இருந்தது. ஆனால் விஸ்கான்சினில் அது வேர்விட்ட விதம் தனி.

அன்று மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறை, நடுவில் அடுப்பு, எட்டு வகுப்புப் பிள்ளைகள், ஓர் ஆசிரியை. எழுத்தும் கணக்கும் அவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். இசை, ஓவியம், இயற்கைப் பாடம் எல்லாவற்றுக்கும் ஒருவரே ஆசிரியர் என்றால் எங்கே போவார்? அந்த ஓட்டையைத்தான் வானொலி அடைத்தது. வகுப்புக்கு ஏற்றபடி பிரித்த நிகழ்ச்சிகள், குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் வரும். ஆசிரியைக்கு முன்கூட்டியே கையேடு தபாலில் போய்விடும்: ஒலிபரப்புக்கு முன்னால் என்ன செய்யவேண்டும், பின்னால் என்ன செய்யவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும்.

மின்சாரம்? 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. பல பள்ளிகள் பேட்டரி ரேடியோவைத்தான் நம்பியிருந்தன. அதையும் பெற்றோர் காசு போட்டு வாங்கிக்கொடுத்த ஊர்கள் நிறைய.

சரி, வானொலியில் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம். ஓவியம் எப்படி?

இதில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாமவர் எட்கர் கார்டன். இசைப் பேராசிரியர், பிள்ளைகளுக்குச் செல்லமாக "பாப்" கார்டன். 1920-களிலேயே வானொலியில் இசை கற்றுக்கொடுத்துப் பார்த்தவர். வான்வழிப் பள்ளியில் அவர் ஒரு வரியைப் பாடுவார், பிறகு பிள்ளைகள் பாட இடம் விடுவார். எங்கோ நூறு மைல் தள்ளி ஒரு வகுப்பறையில் இருபது பிள்ளைகள் அந்த இடைவெளியில் பாடுவார்கள். வருடக் கடைசியில் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் மேடிசனுக்கு வருவார்கள். இடம், பல்கலைக்கழகத்தின் கால்நடைக் காட்சி அரங்கு. காளைகளையும் பசுக்களையும் சுற்றிவரச் செய்து மதிப்பெண் போடும் வட்ட மைதானத்தில், அதுவரை ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். ஒத்திகை எல்லாம் வானொலியிலேயே முடிந்திருந்தது.

இரண்டாமவர் ஜேம்ஸ் ஷ்வால்பாக். "வரைவோம் வாருங்கள்" என்று பொருள்படும் அவருடைய நிகழ்ச்சி 1936-ல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. படத்தைக் காட்ட முடியாது என்பதையே அவர் வசதியாக்கிக்கொண்டார். ஒரு கதை சொல்வார், பின்னணியில் இசை ஓடும், கேட்கும் பிள்ளை தன் மனத்தில் தோன்றியதை வரைய வேண்டும். பார்த்து வரைய மாதிரி இல்லாததால் ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால் இருபது விதமான படம் வரும். ஆசிரியை கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைந்து எல்லோரையும் அதைப் பார்த்து வரையச் சொல்லும் ஓவிய வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொருவரும் உண்டு: "ரேஞ்சர் மேக்" என்ற பெயரில் காடு, பறவை, மண் பற்றிப் பேசிய வேக்லின் மெக்நீல். 1933 முதல் சுமார் இருபது வருடம் பேசினார். ஒலிபரப்புத் துறைக்கென்று கொடுக்கும் பீபடி விருது, 1942-க்கானது, அவருடைய நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. தேசிய வலைப்பின்னல்கள் கோலோச்சிய களத்தில் ஒரு மாநில நிலையத்தின் பள்ளி நிகழ்ச்சி வாங்கிய விருது அது.

பிள்ளைகள் உண்மையிலேயே கற்றார்களா, அல்லது சும்மா கேட்டுவிட்டுப் போனார்களா?

அந்தச் சந்தேகம் அவர்களுக்கே இருந்தது. அதனால் வான்வழிப் பள்ளி தொடங்குவதற்கு முந்தைய வருடமே மேடிசனைச் சுற்றியுள்ள டேன் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் இசையும் நடப்புச் செய்திகளும் வானொலி வழியாக. சில பள்ளிகளில் வழக்கம்போல. பிறகு இரு தரப்புக்கும் ஒரே தேர்வு. வானொலிப் பள்ளிகள் பின்தங்கவில்லை. குறிப்பாக இசையில் நன்றாகவே முந்தின. இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மெக்கார்ட்டி குழு பள்ளி ஒலிபரப்பில் துணிந்து இறங்கியது.

பெரியவர்களுக்கு என்ன இருந்தது?

காலையில் இல்லத்தரசிகளுக்கான நிகழ்ச்சி. ஆலின் ஹேசர்ட் என்பவர் அதை 1930-களிலிருந்து 1960-கள் வரை நடத்தினார். மத்தியானம் பண்ணை நிகழ்ச்சி. மந்தத்தால் படிப்பை விட்ட இளைஞர்களுக்காக 1933-ல் வான்வழிக் கல்லூரி. தினம் ஒரு புத்தகத்திலிருந்து அரைமணி நேரம் வாசிக்கும் நிகழ்ச்சியும் இருந்தது. வரவேண்டிய விருந்தினர் வராத நாளில் மெக்கார்ட்டி ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்து நேரத்தை ஓட்டினார், அதுவே நிகழ்ச்சியாகிவிட்டது என்று நிலையத்தில் ஒரு கதை உண்டு.

1932 தேர்தலில் செய்த காரியத்துக்கு அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது. எல்லாக் கட்சிகளுக்கும் காசு வாங்காமல் நேரம் கொடுத்தார்கள். மாநில அரசின் பணத்தில் நடக்கும் நிலையம், ஆளுங்கட்சியை எதிர்ப்பவருக்கும் அதே ஒலிவாங்கியைக் கொடுக்கிறது என்பதை நம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொழுது சாய்ந்தால் நிலையம் நின்றுவிடும் என்கிறார்களே, ஏன்?

இந்த நிலையம் பயன்படுத்திய மத்திய அலைகள் (மீடியம் வேவ்) பகலில் தரையையொட்டி ஓரளவு தூரம்தான் போகும். இரவானால் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் போய் இன்னொருவர் ஒலிபரப்பில் குறுக்கிடும். அதனால் சிறிய நிலையங்களுக்குப் பகல் உரிமம் மட்டுமே கொடுத்தார்கள். விஸ்கான்சினில் குளிர்காலத்தில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். விவசாயி மாட்டுக்கொட்டகை வேலையை முடித்து ரேடியோ பக்கம் உட்காரும்போது நிலையம் மூடியிருக்கும்! நல்ல அலைவரிசையும் பெரிய சக்தியும் வேண்டும் என்று 1938-ல் சிகாகோவின் ஒரு பெரிய நிலையத்தின் இடத்தையே கேட்டு மாநிலம் மனுப் போட்டது. கிடைக்கவில்லை.

வழியைத் திறந்துவிட்டது எஃப்.எம். அதற்கு இரவுத் தொல்லை கிடையாது. 1945-ல் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை கல்விக்கென்று ஒதுக்கினார்கள். மேடிசனின் எஃப்.எம். நிலையம் 1947-ல் வந்தது. 1952-க்குள் மாநிலம் முழுக்க எட்டுக் கோபுரங்கள். கோபுரங்களை இணைக்கும் கம்பிக்கு வாடகை கொடுக்காமல், ஒரு கோபுரத்தின் ஒலிபரப்பை அடுத்த கோபுரம் வானிலிருந்தே பிடித்து மறு ஒலிபரப்புச் செய்தது.

தொலைக்காட்சி வந்த பிறகு?

1954-ல் பல்கலைக்கழகமே தொலைக்காட்சியும் தொடங்கியது. ஓராசிரியர் பள்ளிகளை இணைத்துப் பெரிய பள்ளிகளாக்கினார்கள். அங்கே இசைக்கும் ஓவியத்துக்கும் தனி ஆசிரியர்கள் வந்தார்கள். வான்வழிப் பள்ளியின் தேவை மெல்லக் குறைந்து 1970-களில் ஓய்ந்தது. நிலையம் ஓயவில்லை. மாநிலப் பொது வானொலியாக மாறி இன்றும் 970 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது.

அமெரிக்கத் தேசியப் பொது வானொலியான என்பிஆருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. என்பிஆரின் முதல் நிகழ்ச்சி இயக்குநர் பில் சீமரிங், மேடிசன் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளியில் உட்கார்ந்து வான்வழிப் பள்ளியைக் கேட்டு வளர்ந்தவர். மாணவராக இருந்தபோது டபிள்யூஎச்ஏவில் வேலையும் பார்த்தார். என்பிஆரின் நோக்க அறிக்கையை எழுதியவர் அவர். 1971 மே 3-ல் தொடங்கிய அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சியை உருவாக்கியவரும் அவரே. பொது ஒலிபரப்புக்கான 1967 சட்டம் முதலில் தொலைக்காட்சியை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வானொலியைக் கடைசி நேரத்தில் போராடித்தான் சேர்த்தார்கள்.

நம் பக்கம் இப்படி ஏதாவது நடந்ததா?

பல்கலைக்கழகம் செய்யவில்லை, அரசு வானொலி செய்தது. பள்ளி ஒலிபரப்பு அகில இந்திய வானொலியில் 1930-களின் கடைசியிலேயே உண்டு. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு ஏடிடி-27 நெல்லைப் பற்றி விடாமல் சொன்னதில், தஞ்சாவூர் விவசாயிகள் அந்த ரகத்துக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் என்பது ரொம்பப் பிந்தி வந்தது. அலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. மாணவர்களோடு சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் பெண்களும் சேர்ந்து உடல்நலம், குடும்பம் பற்றிய நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் இந்த நிலையங்கள் எட்டுவது சில கிலோமீட்டர் சுற்றளவுதான். சொந்தமாகச் செய்தி தயாரிக்கவோ அரசியல் பேசவோ கூடாது. 1932-ல் மேடிசனில் நடந்த அந்தத் தேர்தல் மேடையை இங்கே ஒரு பல்கலைக்கழக வானொலி போட்டால் உரிமம் போய்விடும்.